பூட்டிக் காப்பாற்றிய மைதானம்

கூழாங்குளம் கால்பந்து மன்றத்துக்கு நிர்வாகிகள் நான்கு பேர். தலைவர் ஆவுடையப்பன், செயலாளர் பொன்னுரங்கம், கோல்கீப்பர் சவரிமுத்து, பந்துக்குக் காற்றடிக்கும் மாசானம். யார் எதைச் சொன்னாலும் அணுவளவும் பிசகாமல் செய்துவிடுவார்கள். அதனாலேயே அவர்களிடம் எதையும் சொல்ல ஊரார் பயப்பட்டார்கள்.

மைதானத்தின் மேல் உயிரை வைத்திருந்தவர் பொன்னுரங்கம். முப்பத்தோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் சுண்ணாம்புக் கோடு போட்டவர். அந்த இடத்தில் பஸ் நிலையம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நால்வரும் நகரத்துக்குப் போய்ப் புராதனச் சின்னங்கள் துறை அதிகாரியைப் பார்த்தார்கள்.

“நம்ம நகரத்துல பேர்போன பழைய கால்பந்து இடம் மூணு இருக்கு. போய்ப் பாருங்க. உங்க மைதானமும் அதே மாதிரி இருந்தா புராதனச் சின்னம்னு பலகை தர்றேன். அப்புறம் ஒருத்தனும் கை வைக்க முடியாது” என்றார் அதிகாரி.

பொன்னுரங்கம் நோட்டை எடுத்துக்கொண்டார்.

முதல் இடம், நகரத்தின் முதல் பந்தயம் நடந்த திடல். அங்கே ஏழு குப்பை லாரிகள் நின்றன. ஓடக்கூடியது ஒன்றும் இல்லை.

“கோல்போஸ்ட் எங்கேய்யா?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டார் பொன்னுரங்கம்.

“அதைப் பிடுங்கி இருபது வருஷம் ஆச்சே!”

‘லாரி ஏழு, கோல்போஸ்ட் இல்லை’ என்று நோட்டில் ஏறியது.

இரண்டாவது இடம் கல்யாண மண்டபமாகியிருந்தது. நடுப்புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காலடியால் அளந்தார். அங்கே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ‘நடுவில் அண்டா ஒன்று.’

மூன்றாவது இடத்தில் பெரிய பூட்டு.

“சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. அவரு ஊருக்குப் போயிருக்காரு” என்றாள் பூக்காரி.

“எப்ப வருவாரு?”

“போயி மூணு வருஷம் ஆகுது.”

ஊர் திரும்பித் தங்கள் மைதானத்தைப் பார்த்ததும் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எவ்வளவு குறை பாத்தீரா வே! கோல்போஸ்ட் ரெண்டும் அப்படியே நிக்கே!”

பொன்னுரங்கம் தன் கையாலேயே இரண்டையும் பிடுங்கினார். லாரிக்கு வழியில்லாததால் ஏழு மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து சக்கரங்களைக் கழற்றினார்கள். நடுப்புள்ளியில் சாம்பார் கொதித்தது. சுற்றிலும் தட்டி கட்டி, கேட் போட்டுப் பூட்டினார்கள். மாசானம் வாட்ச்மேன் ஆனான். அங்கேதான் சிக்கல்.

“வாட்ச்மேன் ஊருக்குல்லா போகணும்? இவனுக்கு இதுதானே ஊரு?” என்றான் சவரிமுத்து.

வெகுநேரம் யோசித்துத் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: “மாமியார் ஊருக்குப் போகட்டும்.”

“மூணு வருஷமா? அவ மூணு நாளைக்கே மூஞ்சியத் தூக்குவாளே, அண்ணாச்சி!” என்றான் மாசானம்.

“மைதானத்துக்காகப் பொறுத்துக்கோலே” என்று சாவியோடு அவனை பஸ் ஏற்றிவிட்டார் பொன்னுரங்கம்.

அன்று மாலையே அதிகாரி வந்தார். பூட்டைப் பார்த்தார். கேட் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். ஆவி பறந்த சாம்பாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அச்சு அசல்!” என்று கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிலையத் திட்டம் நின்றுபோனது. ‘ஒரு காலத்தில் இங்கே கால்பந்து ஆடினார்கள்’ என்ற பலகை கேட்டில் ஏறியது. அன்றைக்குத்தான் பொன்னுரங்கம் வயிறாரச் சாப்பிட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் கேட்டுக்கு முன்னால் இருந்த தார்ச்சாலையில் கோடு போட்டு ஆடினார்கள். எட்டாவது ஞாயிறு, ஆட்டத்துக்கு நடுவே ஒரு பஸ் வந்து பெனால்டி கட்டத்துக்குள் நின்றது. மாசானம் எலும்பும் தோலுமாக இறங்கினான்.

“அண்ணாச்சி, சாவியைக் கொண்டாந்துட்டேன்! கேட்டைத் திறந்து உள்ள ஆடுங்க!”

பொன்னுரங்கம் ஓடிவந்தார். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நோட்டைப் புரட்டி விரல்விட்டு எண்ணினார்.

“மூணு வருஷத்துல ஐம்பத்தாறு நாள்தான் கழிஞ்சிருக்கு. இன்னும் ஆயிரத்து முப்பத்தொன்பது நாள் கிடக்குலே!”

சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவனுக்குக் காட்டினார். மாசானம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சாவியோடு அதே பஸ்ஸில் ஏறினான்.