நாலாவது வேலை

"அம்மணி, இந்த லென்ஸுக்கு என் மேல என்னமோ கோவமுங்க. நான் தொட்டா மட்டும் சாயம் ஏற மாட்டேங்குது!"

கிடுக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாய அறையிலிருந்து ஓடி வந்தார் சென்னியப்பன்.

ஐம்பத்திரண்டு வயது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் பனியன் துணிக்கு நிறம் ஏற்றியவர். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு கசக்குக் கசக்குவார். இது சாயத்தைக் குடிக்கும், இது குடிக்காது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். முதலாளியே வாயைப் பிளப்பார்.

பட்டறையை மூடிவிட்டார்கள். கோயமுத்தூரில் மூக்குக்கண்ணாடிக்குச் சாயம் ஏற்றும் இந்தக் கம்பெனிக்கு வந்து இன்றோடு பத்து நாள். வேலை சொல்லிக்கொடுப்பவள் தனக்கொடி. முப்பது வயதுப் பெண். வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"என்ன பண்ணுனீங்கண்ணா?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க! சூட்டை ஏத்துனேன். ரொம்ப நேரம் ஊற விட்டேன். பருத்திக்குப் போடற மாதிரி ஒரு கை உப்புக்கூடப் போட்டுட்டேனுங்க."

தனக்கொடி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சாயத் தொட்டியைக் காலி பண்ணினாள். புதுச் சாயம் கரைத்துச் சூட்டில் வைத்தாள்.

சென்னியப்பனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

அவர் முக்கிய ஜோடி லென்ஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல பழுப்பு. ஆனால் இரண்டிலும் ஓரமாக, ஒரே இடத்தில், மொச்சைக்கொட்டை அளவுக்கு வெளுப்பு.

"ரெண்டு தடவை நிறத்தை எடுத்துட்டு மறுபடியும் முக்கினேன் அம்மணி. திரும்பத் திரும்ப அதே இடம்!"

"இன்னும் ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

சென்னியப்பன் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. நாளைக்கு மாநிலப் பூப்பந்து ஆட்டம், இன்றைக்கு இரண்டு மணிக்கு ரயில். வெயிலைப் பார்த்தாலே கண் கூசி இறுக மூடிக்கொள்ளும். பந்து பட்டாலும் உடையக்கூடாது என்று பாலிகார்பனேட்டில் கேட்டிருந்தார்கள். அவள் பவருக்கு வந்தது இந்த ஒரே ஒரு ஜோடிதான்.

தனக்கொடி கழித்துப்போட்ட லென்ஸ் ஒன்றை எடுத்தாள். அதுவும் பழுப்பாகச் சாயம் ஏறியதுதான். பிளேடால் அதன் மேல் ஒரு சுரண்டு சுரண்டினாள். பழுப்பு தூளாக உதிர்ந்தது. அடியில் வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"சாயம் எங்கீங்கண்ணா இருக்குது?"

சென்னியப்பன் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அட! தோல்லதான் இருக்குது. உள்ளே போகவே இல்லீங்களே!"

"மேல பூசுன பூச்சு மட்டும்தான் குடிக்கும்."

"துணின்னா நடு நூல் வரைக்கும் குடிக்குமுங்க."

"இது துணி இல்லீங்கண்ணா."

அதோடு நிறுத்திக்கொண்டாள். இன்னொரு வெள்ளை லென்ஸை அவர் முன்னால் வைத்தாள்.

"செஞ்சு காட்டுங்க."

சென்னியப்பன் வலது கையில் கிடுக்கியைப் பிடித்து, லென்ஸைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். பஞ்சுத்தாளால் துடைத்தார். சாயத்தில் முக்கினார்.

"எத்தனை வேலை செஞ்சீங்க?"

"மூணுங்க. கழுவுனேன், துடைச்சேன், முக்கினேன்."

"நாலு."

"மூணுதானுங்களே?"

அவள் இன்னொரு லென்ஸை வைத்தாள்.

கழுவினார். துடைத்தார். முக்கினார். விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டினார்.

"நாலு," என்றாள் தனக்கொடி.

சென்னியப்பனுக்கு வந்ததே கோபம்! இருபத்தெட்டு வருஷம் சாயத்தில் கிடந்தவனுக்கு மூன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதா? இந்தப் பெண் மழலை பேசியபோதே நான் டன் கணக்கில் துணியை முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

கதவு லேசாகத் திறந்தது. கனிஷ்கா ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஆயிருச்சுங்களா மாமா?"

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஆயிரும் கண்ணு. உக்காரு."

மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். தனக்கொடி மூன்றாவது லென்ஸை நகர்த்தி வைத்தாள்.

இந்தத் தடவை சென்னியப்பன் சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"கழுவறேனுங்க. துடைக்கறேனுங்க. இப்ப முக்க..."

நின்றார்.

வலது கை கிடுக்கியோடு அப்படியே இருந்தது. இடது கை போய் லென்ஸைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் அதன் ஓரத்தை ஒரு கசக்குக் கசக்கிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை. கை அவரைக் கேட்கவும் இல்லை.

"அட நாசமாப் போக!"

பாய்ந்து போய் கனிஷ்காவின் லென்ஸை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெளுத்த இடத்தின் மேல் தன் இடது கட்டைவிரலைக் கொண்டுபோய் வைத்தார். இம்மி விலகாமல் பொருந்தியது.

"அம்மணி! இது நானுங்க! இத்தனை நேரம் நானேதானுங்க! என் கைப்பிசுக்கு பட்ட எடம் சாயம் குடிக்கலீங்க!"

சந்தோஷமா வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனக்கொடி முகத்தில் முதல் தடவையாகப் பல் தெரிந்தது.

"மணியாச்சுங்கண்ணா. ஆகட்டும்."

பழைய நிறத்தை எடுத்தார். கழுவினார். துடைத்தார். முக்கினார். ஒரு நிமிஷம் ஒரு மாமாங்கமாக நகர்ந்தது. தனக்கொடி தலையை ஆட்டியதும் மெல்லத் தூக்கினார்.

காப்பிக்கொட்டை நிறம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீர். மருந்துக்குக்கூட வெளுப்பு இல்லை.

பிரேமில் மாட்டிக் கொடுத்ததும் கனிஷ்கா வாசலுக்கு ஓடினாள். உச்சி வெயில். பழக்கத்தில் கண்ணை இறுக மூடியபடியே நின்றாள். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றையும்.

"மாமா!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "எதுத்த மாடியில காக்கா உக்காந்திருக்குது மாமா! அதோட மூக்கே தெரியுது!"

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தாள்.

சென்னியப்பன் அவள் போன திசையையே பார்த்து நின்றார். தனக்கொடி அவருடைய இடது கையைப் பார்த்தாள். தோள் துண்டின் நுனி அந்தக் கைக்குள் கசங்கி, நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது.

"அது என்னங்கண்ணா?"

"துணியுங்க அம்மணி. கை அது பாட்டுக்குத் தேடுச்சு. குடுத்துட்டேன்."