பழைய பதிவுகளை வைத்துக்கொள்ளவா?

"எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க டீச்சர். அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் ஏன் தர மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார் அருளப்பன்.

தாஹிரா டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அது?"

"கத்துக்கத்தான்."

"இன்னும் சூடா இருக்கு," என்றார் டீச்சர்.

டீயைத்தான் சொல்கிறார் என்று அருளப்பன் எடுத்துக்கொண்டார்.

அருளப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சருக்கு முப்பத்தாறு. அறக்கட்டளை மருத்துவமனையில் டைப்பிஸ்டாக இருந்தவர் அருளப்பன். மவுஸைத் தொடவே பயந்த மனிதரைப் பதினோரு வருடத்தில் சர்வர் அறைக்குப் பொறுப்பாளர் ஆக்கியவர், கணினிப் பிரிவின் தலைவியான தாஹிரா. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவளை அவர் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு ஆஸ்பத்திரியே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த மட்டும் அவர் நல்ல சிஷ்யர்தான்.

ஆனால் "கத்துக்கத்தான்" என்றாரே, அது பச்சைப் பொய்.

சர்வர் பெட்டிக்குள் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறது. பெரியது எழும்பாமல் கிடந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை சின்னது விழித்திருக்கும். பெட்டிக்கு என்ன கோளாறு வந்தது, எப்போது வந்தது, யாருக்குத் தகவல் போனது என்று எல்லாவற்றையும் அது தன்பாட்டுக்கு எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குள் நுழையத்தான் அந்தப் பாஸ்வேர்டு.

அங்கே எழுதி வைத்திருக்கும் நாற்பது வரிகளை அழிக்க வேண்டும். அருளப்பனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் சர்வர் மூன்று மணி நேரம் உறைந்து நின்றது. மெமரி சிப் ஒன்று பழுதாகியிருந்தது. விசாரணை வைத்தார்கள். பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு நாற்பது நாளாக எரிந்திருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார்கள்.

"தினமும் பாக்க வேண்டியது வளர்மதி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை," என்றார் அருளப்பன்.

வளர்மதி அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண். அவள் முதல் நாளே வந்து சொன்னாள். "பாத்துக்கலாம், போம்மா," என்று அனுப்பியவர் இவர்தான். அதுபோக, குட்டிக் கம்ப்யூட்டர் நாற்பது நாளும் இவருக்கு எச்சரிக்கை மெயில் அனுப்பியது. வந்த மெயிலை அழித்துவிட்டார். அனுப்பிய இடத்தில் இருந்த குறிப்பை அழிக்க வழியில்லை.

வளர்மதியின் வேலை போனது. இவருடைய வேலை நிலைத்தது.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு, புதிதாக வந்த சேர்மன் ஒரு யோசனை சொன்னார். "கருவிக்கெல்லாம் ஓய்வு குடுக்கிற நாளுங்க இது. ஓட விட்டுக்கிட்டே பொட்டு வச்சா எப்படி? ஒரு மணி நேரம் நிறுத்துங்க."

சர்வரை நிறுத்தினார்கள். சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் செவ்வந்தி. கற்பூரத்தை மட்டும் டீச்சர் அறைக்கு வெளியே காட்டச் சொல்லிவிட்டார்.

பூஜை முடிந்து பொத்தானை அமுக்கினார் அருளப்பன்.

விசிறிகள் சுற்றின. திரையில் ஒரு வெள்ளை வரி வந்தது. அதோடு சரி.

மறுபடி அமுக்கினார். அதே வரி.

கீழே டயாலிசிஸ் வார்டிலிருந்து போன் வந்தது. ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்றார் நர்ஸ். ஏதோ இவருக்குத் தெரியாத விஷயம் மாதிரி.

டீச்சர் வந்தார். திரையைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு வருஷத்துல ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எத்தனை தரம் புதுசாக்கியிருப்போம்?"

"ஆறேழு தரம் இருக்கும்."

"அடியில இருக்கிற ஃபர்ம்வேரை?"

பெட்டியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், பெட்டி வாங்கியபோது வந்தது. ஆறு வருடப் பழசு. ஓடிக்கொண்டிருந்தவரை வேற்றுமை தெரியவில்லை. நிறுத்தி எழுப்பும்போது, அடியில் இருக்கும் பழசுக்கு மேலே இருக்கும் புதுசை அடையாளம் தெரியவில்லை.

"மேலே ஒண்ணுமே எழும்பலையே டீச்சர். எதை வச்சு அப்டேட் பண்றது?"

டீச்சர் பெட்டியின் பின்பக்கம் போனார். ஓரத்தில் குட்டிக் கம்ப்யூட்டருக்கென்று தனியாக இருந்த துளையில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, அருளப்பன் முன்னால் வைத்தார்.

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி நீட்டினார்.

"நீங்களே பண்ணுங்கண்ணே."

இரண்டு வருடம் கெஞ்சியது, கேட்காத நாளில் கைக்கு வந்துவிட்டது.

"நீங்க?"

"பவர் கேபிள் லூசா இருக்கு. நடுவுல கழண்டா போர்டே போயிரும். நான் பிடிச்சுக்கறேன்."

டீச்சர் பெட்டிக்குப் பின்னால் நின்றார். அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அருளப்பன் உள்ளே நுழைந்தார். நாற்பது வரிகளும் இருந்தன. 'மெமரி பழுது. மின்னஞ்சல் அனுப்பப்பட்டது: அருளப்பன்.' ஒவ்வொன்றிலும் தேதி, மணி, நிமிடம்.

அப்டேட் பக்கத்துக்குப் போனார். புது ஃபர்ம்வேர் ஃபைலைத் தேர்ந்தெடுத்தார். தொடங்கு பொத்தானுக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் இருந்தது.

பழைய பதிவுகளை வைத்துக்கொள்ளவா?

கட்டத்தில் டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. அப்டேட்டில் போய்விட்டது என்று சொல்லலாம். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

"டீச்சர், பழைய பதிவு..." என்று ஆரம்பித்தார்.

"அது உங்க இஷ்டம்," என்றார் டீச்சர், திரும்பாமல்.

டிக்கை எடுத்தார். கட்டம் காலியானது. அம்புக்குறியைத் தொடங்கு பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

அமுக்க விரல் வரவில்லை.

திடீரென்று நல்லவராகிவிட்டார் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். இந்த மனுஷி என்னை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டிக்கை மறுபடி போட்டார். தொடங்கினார்.

ஒரு சதவீதம். இரண்டு சதவீதம்.

இனி இருபது நிமிடத்துக்கு யாரும் எதையும் தொடக் கூடாது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"வளர்மதி மேல தப்பு இல்ல. அந்தப் பிள்ளை எங்கிட்ட வந்து சொல்லுச்சு. மெயிலும் வந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

அருளப்பன் நாற்காலியைத் திருப்பினார்.

"எப்பலேருந்து?"

"போன வருஷம். இதே அப்டேட்டைப் போடத்தான் உக்காந்தேன். அந்த வரியெல்லாம் பாத்தேன்."

"அப்புறம்?"

"வச்சுக்கிட்டா மேலே போய்ச் சொல்லணும். அழிக்கவும் கை வரலை. அப்டேட்டைப் போடாமலே லேப்டாப்பை மூடிட்டேன்."

அருளப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்பட அவருக்கு என்ன யோக்கியதை இருந்தது? இருந்தாலும் வந்தது.

"தெரிஞ்சும் ஒரு வருஷம் பேசாம இருந்தீங்களா? நீங்க டீச்சர் இல்லையா?"

"வேலைய விட்டு அனுப்பின லெட்டர்ல இருக்கிறது என் கையெழுத்துண்ணே."

முப்பத்தெட்டு சதவீதம்.

"அப்ப இன்னைக்கு இது எழும்பாம கெடக்கறது..."

"நான் லேப்டாப்பை மூடினதால."

டயாலிசிஸிலிருந்து வந்த போனை இருவரும் எடுக்கவில்லை. டீச்சர் கேபிளைப் பிடித்தபடியே நின்றார். கை வலித்திருக்கும். மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்க அருளப்பனுக்கு வாய் வரவில்லை.

நூறு சதவீதம் ஆனது. பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது. வெள்ளை வரி வந்தது. அதைத் தாண்டி இன்னொரு வரி வந்தது. பிறகு வரிசையாக வரிகள் ஓடின.

கீழே வார்டில் யாரோ கைதட்டியது மாடிவரை கேட்டது. சேர்மன் ஒரு தட்டில் பொரிகடலையும் சுண்டலும் கொடுத்தனுப்பினார். பூஜையை முறையாகச் செய்ததால்தான் பெரிய ஆபத்து விலகியது என்று சொல்லச் சொன்னாராம்.

தட்டு மேசையில் இருந்தது. யாரும் தொடவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"தெரியலைண்ணே."

பதினோரு வருடத்தில் டீச்சர் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"அந்தப் பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிட்டா மனசு ஆறுமா?"

"யாருக்கு?"

டீச்சர் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையில் வளர்மதியின் நம்பர் இருந்தது. ஒரு வருடமாக எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்திருக்கிறார், ஒரு தரம்கூட அழைத்ததில்லை. இன்று அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனையில் கடைச் சத்தம். வளர்மதி இப்போது ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறாள்.

"டீச்சர்! நல்லா இருக்கீங்களா? பூஜையெல்லாம் முடிஞ்சுதா? அருளப்பன் சார் எப்படி இருக்காரு? முட்டி வலி இருக்குன்னாரே, இப்ப தேவலையா?"

அருளப்பன் போன் பக்கம் குனிந்தார்.

"நான்தாம்மா பேசறேன்."

"சார்! சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். பாத்துக்கலாம் என்று தான் அனுப்பியது, நாற்பது மெயில், விசாரணையில் சொன்ன பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சருக்கும் ஒரு வருடமாகத் தெரியும் என்றார். டீச்சர் தலையசைக்க, நாளைக்கே இருவரும் சேர்மனிடம் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு லேசாக வந்தது.

"நீ வந்து சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சும்மா. விசாரணை அன்னைக்கும் இருந்துச்சு. மன்னிச்சிரு."

கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எவர்சில்வர் குடத்துக்கு விலை கேட்டார்கள்.

டீச்சர் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் சார்," என்றாள் வளர்மதி. "வயசானவரு, நல்ல மனுஷன், மறந்திருப்பாருன்னுதான் எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எங்கப்பா உங்களைத் தேடி வர்றேன்னு கெளம்பினாரு. காலைப் பிடிச்சு நிறுத்தினேன். இப்ப அவருகிட்ட நான் என்ன சார் சொல்றது?"