எண்பது பவுண்டு

தம்பிச்சாமிக்கு மடம் கிடையாது. ஒரு வண்டி உண்டு.

பழைய மினி பஸ். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கூரைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்து யாரோ ஒரு பக்தர் கொடுத்தது. குடியிருப்பும் அதில்தான், ஊர் ஊராகப் போவதும் அதில்தான். நின்ற இடத்தில் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் பேசுவார். வராவிட்டால் சமைப்பார்.

சாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சீடர் ஒச்சப்பனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை வாசலில் வந்து நின்று, "தம்பி, ஒங்க வண்டில பின்னாடி உள் டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றார். அதுதான் முதல் பேச்சு. அதுவரை ஊருக்கு ஒரு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். காற்று அடித்துக் கொடுத்தவர் அப்படியே ஸ்டியரிங்கிலும் உட்கார்ந்துவிட்டார். தம்பி என்று கூப்பிட்ட வாய்க்குச் சாமி என்று உடனே மாற வரவில்லை. இரண்டையும் சேர்த்துத் தம்பிச்சாமி ஆக்கிக்கொண்டார்; போகப் போக அது வெறும் சாமி என்று சுருங்கிவிட்டது. சாமி அவரை அண்ணே என்பார்.

வண்டியைப் பற்றிச் சாமிக்குத் தெரிந்தது கதவைத் திறப்பது மட்டும்.

அந்தச் சித்திரையில் தாராபுரத்திலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தார்கள். நாலு வருஷமாக அந்த வழியில் எப்போது போனாலும் வேடசந்தூருக்குள் வண்டி நுழையாது. ஒச்சப்பன் ஏதாவது சொல்லிச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் என்று சாமி கேட்டதில்லை. அன்றைக்கு அவராகவே ஊருக்குள் திருப்பினார். சந்தைத் திடலில் கொண்டுபோய் நிறுத்திப் பின்சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தார். முகம் கழுவிச் சட்டை மாற்றினார்.

"சுகந்தி இந்த ஊருலதான் இருக்கு சாமி. பின்னாடி தெருதான்."

"யாரு அண்ணே?"

"எம் பொண்ணு."

சாமி அப்போதுதான் உலையில் அரிசி போட்டிருந்தார். "போயிட்டு வாங்க" என்றார்.

போகிற வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ரெண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டார் ஒச்சப்பன். சோறு வடிப்பதற்குள் அதே பையோடு திரும்பி வந்துவிட்டார்.

பையை ஆணியில் மாட்டினார். யாரையும் பார்க்கவில்லை. டூல்ஸ் பெட்டியைத் திறந்து காற்று பார்க்கும் மீட்டரை எடுத்தார்.

"கெளம்புவோம் சாமி. டயரப் பாத்துட்டு எடுத்துர்றேன்."

"சாப்பிடலியா?"

"வேணாம்."

முன்சக்கரத்துப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து வால்வு மூடியைத் திருகினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் தொண்ணூற்று மூன்றில் போய் நின்றது. எண்பது பவுண்டுதான் இருக்க வேண்டும். வால்வை நகத்தால் அமுக்கினார். காற்று ஸ்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது.

சாமி வண்டிப் படியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, பல்லடத்துல ஒரு டூரிஸ்ட் வேன்காரரு கூடச் சண்டை போட்டீங்களே, எதுக்கு அது?"

"இப்ப எதுக்கு சாமி அந்தப் பேச்சு?"

"சும்மாத்தான். 'காலைல வந்து பாருடா, குத்தவச்சு உக்காந்திருக்கும்'னு சத்தம் போட்டீங்க. எது குத்தவச்சு உக்காரும்னு அன்னிக்கு எனக்குப் புரியல."

ஒச்சப்பன் விரலை எடுத்தார். சத்தம் நின்றது.

உள்ளங்கையை டயர்மேல் வைத்தார். சுட்டது. கையை எடுக்காமலே இருந்தார்.

"முப்பது வருஷம் சாமி," என்றார். "புதுசா ஏறுன க்ளீனர்கூட இந்த வேலையப் பண்ண மாட்டான்."

"என்ன வேலை?"

"அந்த வேன்காரன் பண்ணுனதுதான். சூட்டுல காத்து எறக்குறது. ஓடி வந்த டயரு. உள்ள காத்து சூடேறிப் பெருத்துக் கெடக்கு. மீட்டரு கூடத்தான் காட்டும். கூட இருக்கேன்னு எறக்கி விட்டோம்னா, ஆறுன பெறகு பாத்தா டயரு குத்தவச்சு உக்காந்திருக்கும். அதோட ஓட்டுனா வெடிச்சிரும்."

"அப்ப மீட்டரு பொய் சொல்லுது."

"மீட்டரு பொய் சொல்லல சாமி. பாக்குற நேரம் தப்பு."

சாமி அடுத்த காயை எடுத்தார்.

ஒச்சப்பன் எழுந்து வந்து படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார்.

"பதினோரு வருஷமாச்சு சுகந்தி இஷ்டப்பட்டவனக் கட்டிக்கிட்டுப் போயி. நான் போகல. அவ அம்மாளையும் போக விடல. ஆறு வருஷத்துக்கு முந்தி அவ அம்மா செத்தப்பவும் நான் சொல்லி அனுப்பல. மூணாம் நாளு யாரோ சொல்லித் தெரிஞ்சு ஓடி வந்துச்சு. எல்லாம் முடிஞ்சிருச்சு. பாக்க ஒண்ணுமில்ல."

சாமியின் கை நின்றிருந்தது.

"இன்னிக்குக் கதவத் தெறந்துச்சு. என்னப் பாத்துச்சு. 'அம்மா செத்ததச் சொல்லல. இப்ப எதச் சொல்ல வந்தீங்க'ன்னு கேட்டுச்சு. கதவச் சாத்திருச்சு. அம்புட்டுத்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? திரும்பி வந்துட்டேன். பெத்தவன வாசல்ல நிக்க வச்சுக் கதவச் சாத்துது." குரல் ஏறி, சட்டென்று இறங்கியது. "வாசல்ல ரெண்டு சின்னச் செருப்புக் கெடந்துச்சு சாமி. செவப்புக் கலரு. பூப் போட்டது."

சந்தைத் திடலில் ஒரு ஆடு எதையோ மென்றுகொண்டு நின்றது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அது மனசுல எனக்கு ஏதாச்சும் மிச்சமிருக்கா, இல்லியா? இல்லேன்னா இல்லைன்னு சொல்லிருங்க. இப்பவே வண்டிய எடுத்துருவோம். இந்த ஊருப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்."

"மத்த அஞ்சு டயரையும் பாத்திருங்க. சொல்றேன்."

"இப்பப் பாக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"எப்பப் பாக்கலாம்?"

"விடியக்காலைலதான். வெயில் விழுறதுக்கு முந்தி. சக்கரம் ஒரு உருளு உருண்டிருக்கப்படாது."

"அப்ப விடிஞ்சு சொல்றேன்," என்ற சாமி காயை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "சோறு ஆறுதுண்ணே."

விடிந்தபோது டயர்கள் தண்ணீருக்குள் கிடந்த கல் மாதிரிக் குளிர்ந்திருந்தன.

ஒச்சப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாமி கூடவே நடந்தார். பின்னால் இரண்டு பக்கமும் ஜோடி டயர்; உள் டயருக்கு வண்டிக்கடியில் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். "எண்பது" என்று குரல் மட்டும் வந்தது. அடுத்தது எழுபத்தொன்பது. அதற்கடுத்து எண்பது. அஞ்சும் சரியாக இருந்தன.

ஆறாவது, நேற்று அவர் கை வைத்தது. அறுபத்தாறு.

"இது நான் பண்ணுனது," என்றார்.

"சரியாயிருமா?"

"டயரு நல்லாத்தான் இருக்கு சாமி. அது மேல ஒரு குத்தமும் இல்ல. எறக்குனத ஏத்தணும், அவ்வளவுதான்."

மீட்டர் வைத்த கால் பம்பை எடுத்து மாட்டினார். சாமி குழாயைப் பிடித்துக்கொண்டார். மினி பஸ் டயருக்குக் கால் பம்பில் காற்று ஏற்றுவது லேசில்லை. அறுபது மிதியில் ஒச்சப்பனுக்கு மூச்சு வாங்கியது. சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். முள் கொஞ்சமும் அசையவில்லை.

"சாமி, பிடிச்ச குழாய விட்டுட்டு மிதிக்கிறீங்க. கழண்டு கெடக்கு. ஊருக்கெல்லாம் காத்து வீசுது."

"வீசட்டுமே. புழுக்கமாத்தான இருக்கு."

ஒச்சப்பன் நேற்றிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். குழாயை மாட்டிக் கொடுத்தார். மாற்றி மாற்றி மிதித்தார்கள்.

மிதித்துக்கொண்டே சாமி கேட்டார். "சூடான டயரு ஆற எம்புட்டு நேரமாகும்ணே?"

"மூணு மணி நேரம். நெழல்ல நின்னா."

"வெயில்ல நின்னா?"

"பொழுது சாயுற வரைக்கும் ஆறாது."

"தண்ணி ஊத்தி ஆத்தலாமே."

"ஐயையோ! ஊத்தப்படாது. ரப்பரு கெட்டுப்போகும். ஒண்ணும் செய்யப்படாது சாமி. சும்மா நிக்கணும். நம்ம ஆளுக அதுதான் செய்ய மாட்டாங்க. ஒண்ணு எறக்குவாங்க, இல்ல ஓட்டிக்கிட்டே இருப்பாங்க."

"நேத்து நம்ம வண்டி எங்கேருந்து ஓடியாந்துச்சு?"

"தாராபுரம். அறுபது எழுபது கிலோமீட்டரு இருக்கும்."

"அறுபது எழுபது கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம்," என்று சாமி தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

முள் எண்பதைத் தொட்டது. ஒச்சப்பன் குழாயைக் கழற்றினார். எச்சிலைத் தொட்டு வால்வில் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மூடியைத் திருகினார். மீட்டரைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பின்பக்கம் போய்ச் சக்கரத்துக்கு வைத்திருந்த இரண்டு கல்லையும் எடுத்துப் படிக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஆறும் சரியா இருக்கு சாமி. வண்டி ரெடி."

"சரி."

"நேத்து ஒண்ணு கேட்டேன். விடிஞ்சு சொல்றேன்னீங்க."

"கேட்டீங்க." சாமி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அந்தப் பொண்ணு கதவச் சாத்துன பெறகு, அந்த வாசல்ல எம்புட்டு நேரம் நின்னீங்கண்ணே?"

ஒச்சப்பன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பின்னாடி தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. வெயில் இன்னும் திடலுக்கு வரவில்லை.

ஒச்சப்பன் குனிந்தார். கீழே கிடந்த கல்லில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்துப் போனார். காலால் உதைத்து இறுக்கினார். வண்டிக்குள் போய்ப் பையை ஆணியிலிருந்து எடுத்தார். பிரித்துப் பார்த்தபடி படியிலேயே நின்றார்.

"பழம் கறுத்துப்போச்சு சாமி. பூவும் வாடிருச்சு. இந்நேரத்துக்குக் கடை ஒண்ணும் தெறந்திருக்காது. வெறுங்கையா எப்படிப் போறது?"

சாமி அவர் கையிலிருந்த பையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நிக்கத்தானண்ணே போறீங்க."