அம்மன் கண்ணும் மருதாயி விரலும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயரை விட்டுவிட்ட ஒரு நாட்டில், அரண்மனை விகடகவி திருமேனி ஓடிக்கொண்டிருந்தான். காலில் செருப்பில்லை. தலையில் தலைப்பாகை இல்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்க நேரமில்லை.

கோட்டை வாசலில் வெட்டுமரம் போட்டாகிவிட்டது. பக்கத்தில் மருதாயியை உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய வலது கட்டைவிரலின் அடியில் கரியால் ஒரு வளையம். வெட்டுகிறவன் இடம் மாறி வெட்டிவிடக் கூடாதாம்! கோயிலில் புது அம்மனுக்குக் கண் திறந்ததும் பெரிய மணி அடிக்கும். மணி அடித்தால் கத்தி இறங்கும்.

முதலில் அவள் விரல். அடுத்தது திருமேனியின் விரல்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் மகா மண்டபத்துக்குள் பாய்ந்தான். கருவறையின் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். திரைக்கு முன்னால் பசுவும் கன்றும், நெல் குவியலும், முகம் பார்க்கும் கண்ணாடியும். அம்மனின் முதல் பார்வை மனிதர் மேல் விழக் கூடாது, விழுந்தால் தாங்காது என்பது வழக்கம். உலகநாத ஸ்தபதி பொன் உளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரைக்குள் நுழையப் போனார்.

"நிறுத்துங்கள்!"

ஸ்தபதியின் கால் அந்தரத்தில் நின்றது. நாகஸ்வரம் பாதியில் அறுந்தது. முன்வரிசையில் மன்னர் திரும்பினார். அவருக்குப் பக்கத்தில் ராஜவைத்தியர் அகோரநாத பண்டிதர் பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சிரித்தார்.

நேற்றும் சபையில் இதே சிரிப்புதான்.

நேற்று நடந்தது இதுதான்.

மருதாயி பளிங்குக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்கிறவள். பத்தடி தூரத்தில் எள்ளையும் கேழ்வரகையும் தட்டில் பரப்பி, "எது எது தெரிகிறது, சொல்லுங்கள்" என்று கேட்டே பார்வையை அளந்துவிடுவாள். கூட்டம் அவள் வாசலில்தான் நின்றது. பண்டிதர் வாசலில் காக்கை நின்றது. அது பண்டிதருக்குப் பொறுக்கவில்லை.

அவர் கையில் ஒரு செப்பேடு இருந்தது. மன்னரின் தாத்தா காலத்துச் சட்டம். எவனோ ஒரு ஊர்சுற்றி துருப்பிடித்த ஊசியால் புரை எடுக்கிறேன் என்று நாற்பது பேரைக் குருடாக்கிவிட்டு ஓடிப்போனான். அப்போது எழுதியது. 'கண்ணாடி செய்வோர் பார்க்கலாம், அளக்கலாம், மாட்டிவிடலாம். ராஜவைத்தியர் தவிர வேறெவரும் எந்தக் கண்ணிலும் கருவி வைக்கலாகாது. வைத்தால் வலக்கைக் கட்டைவிரல் போகும்.'

"என் சீடன் கண்ணால் பார்த்தான், மகாராஜா!" பண்டிதர் முழங்கினார். "மூன்று நாளைக்கு முன், அந்தி நேரம். கறுப்புக் கம்பளி போர்த்திய ஒருவன். கம்பளியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு நெருப்புப் பட்ட ஓட்டை. இவள் அவன் இமையைப் புரட்டி வெள்ளி ஊசியால் கண்ணைத் தொட்டாள்."

"ஒப்புக்கொள்கிறாயா?" மன்னர் அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"ஆமாம், மகாராஜா. இரும்புத் தூள். பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு விழும். ஒரு நாள் விட்டால் துரு கருமணியில் படரும். பண்டிதர் ஐயா நாள் நட்சத்திரம் பார்த்துத் தொடுவதற்குள் எட்டு நாள் ஆகும். கண் காத்திருக்காதே!"

"அப்படியா? புரையும் உரிப்பாயோ?" பண்டிதர் இளித்தார்.

"மாட்டேன், ஐயா. தெரியாது. புரை வந்தவர்களை உங்களிடம்தானே அனுப்புகிறேன்? கண்ணுக்குள்ளே கத்தி வைக்கிறது உங்கள் வேலை. மேலே ஒட்டினதை எடுக்கிறது என் அப்பன் பழக்கினது. கசாப்புக்காரரிடம் ஆட்டுக் கண் வாங்கி வாங்கி ஏழு வருஷம் பழகினேன். அதற்கப்புறம்தான் மனுஷக் கண்ணைத் தொட விட்டார்."

"யார் அந்த ஆள்? பெயரைச் சொல்!"

"முகம் பார்க்கலை, ஐயா. கண்ணைத்தான் பார்த்தேன்."

பண்டிதர் மன்னர் பக்கம் திரும்பினார். "ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வையுங்கள், மகாராஜா. நானே ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கிறேன். ஊசி பட்ட வடு பொய் சொல்லாது."

பண்டிதரிடம் எல்லாருக்கும் பயம். அங்கத்தில் பழுதுள்ளவர் அரியணையில் அமரக் கூடாது என்பது அந்த நாட்டு மரபு. பழுது உண்டா இல்லையா என்று சொல்வது ராஜவைத்தியர். மன்னரின் பெரியப்பாவுக்கு ஒரு காது மந்தம் என்று பண்டிதரின் தகப்பனார் சபையில் சொன்ன அன்றைக்கே அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனார். மன்னரே பண்டிதரிடம் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

திருமேனிக்கு ஒரு கெட்ட பழக்கம். பயம் வந்தால் நாக்கு நிற்காது. "அத்தனை பேர் என்றால் நம் சேனாபதியையும் சேர்த்தா, பண்டிதரே? அவர் கண்ணைப் பார்த்தால் நேற்று எத்தனை குடம் கள் இறக்கினார் என்றல்லவா தெரியும்!"

இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். மன்னர் சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"விகடம் பேசுகிறாயா? நல்லது. கேள். செப்பேட்டில் ஓர் எழுத்தும் அழியக் கூடாது. மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வராது. நாளை கண் திறப்பு மணி அடிக்கும் முன், முடிந்தால் இவள் விரலைக் காப்பாற்று. முடியாவிட்டால் இவள் விரலுக்குப் பக்கத்தில் உன் விரலும் கிடக்கும். வரிசையும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். சபை கலையலாம்!"

இது என்ன கிறுக்கு என்று யாருக்கும் புரியவில்லை. திருமேனிக்கும்தான். பண்டிதருக்கு மட்டும் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு.

இப்போது, கோயிலில், ஆயிரம் கண்கள் திருமேனி மேல்.

"முகூர்த்தம் அரை நாழிகைதான் இருக்கிறது," மன்னர் சொன்னார். "எதற்காக நிறுத்தினாய்?"

திருமேனி ஸ்தபதியைக் கும்பிட்டான். "ஸ்தபதியாரே, உங்கள் கட்டைவிரல் மேல் உங்களுக்கு ஆசை இல்லையா?"

"என்னப்பா உளறுகிறாய்?"

"கையில் என்ன?"

"உளி."

"எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

"அம்மன் கண்ணில்."

"எந்தக் கண்ணிலும் ராஜவைத்தியர் தவிர வேறெவரும் கருவி வைக்கலாகாது. செப்பேடு சொல்கிறது, பெரியவரே. நேற்று பண்டிதரே படித்துக் காட்டினார். இதுவரை எத்தனை சாமிக்குக் கண் திறந்திருக்கிறீர்கள்?"

"இருபத்தேழு..."

"ஐயையோ! உங்களுக்கு இருப்பதோ இரண்டு கட்டைவிரல். மீதிக்கு எங்கே போவீர்கள்?"

பண்டிதர் சீறிக்கொண்டு எழுந்தார். "கோமாளி! சட்டம் மனிதக் கண்ணுக்கு. இது வெறும் கல்!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கிழித்தது. "யாரைய்யா கல்? எங்கள் ஆத்தாவையா கல் என்கிறீர்?" இன்னொரு குரல். பத்துக் குரல். நூறு குரல். காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே பிடிக்க வேண்டியதாயிற்று. பண்டிதரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது.

மன்னர் கையை உயர்த்தினார். "அம்மன் கண்ணும் கண்தான், பண்டிதரே. சட்டம் நீர் உம் வாயால் படித்த சட்டம். உளியை வாங்கிக்கொள்ளும்."

"ந... நானா?"

"வேறு யார்? திருமேனி, நீ உள்ளே போய்க் கண்ணாடி பிடி."

இதைத் திருமேனி எதிர்பார்க்கவில்லை. பண்டிதர் அங்கேயே பின்வாங்குவார் என்றுதான் கணக்குப் போட்டிருந்தான். அந்த ஆள் வீம்புக்கு உளியை ஓங்கிவிட்டால்? கண்ணில் ஒரு சில்லு பெயர்ந்தால் அம்மன் பின்னம். நாட்டுக்கே கேடு. அப்புறம் விரல் அல்ல, தலை போகும்.

திரை விழுந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு. கறுப்புக் கல்லில் அம்மன் நின்றாள். மூக்கும் உதடும் உயிரோடு இருப்பதுபோல் இருந்தன. கண் இரண்டும் மூடிய மேடு. அதற்குள்ளிருந்து யாரோ உற்றுக் கேட்பதுபோல் இருந்தது.

பண்டிதர் உளியைத் தூக்கினார். நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் பார்த்தபடிதான் வைக்க வேண்டும். அவர் கை வலது பக்கம் போனால் கண்ணாடியில் எதிர்ப்பக்கம் போயிற்று. உளி முனை அம்மனின் கன்னத்தில் உரசியது. கிரீச்.

திருமேனி கண்ணை மூடிக்கொண்டான்.

"திருமேனி," பண்டிதரின் குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது. "எங்கே கோடு போடுவது? எவ்வளவு ஆழம்?"

"எனக்கென்ன தெரியும், சாமி? நான் சிரிக்க வைக்கிறவன்."

"கை வழுக்கினால்?"

"வெளியே நிற்கிறார்களே, அவர்களிடம் கேட்கட்டுமா?"

உளி மறுபடி உயர்ந்தது. ஆடியது. அம்மனின் இமைக்கு ஒரு நெல் அகலம் தள்ளி நின்றது. பண்டிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது என் வேலை இல்லையடா!"

"இன்னும் கொஞ்சம் சத்தமாக. நாகஸ்வரக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"இது என் வேலை இல்லை!" பண்டிதர் அலறிக்கொண்டே திரையைத் தள்ளி வெளியே வந்தார். "மகாராஜா! நான் கண் வைத்தியன்தான். ஆனால் இந்தக் கண் எனக்குப் பழக்கமில்லை. பட்டம் இருந்தால் போதுமா? குருவிடம் கற்று, பழகி, தேறிய கைதான் இதைத் தொட வேண்டும். ஸ்தபதியே செய்யட்டும்!"

"பட்டம் இருந்தால் போதாது," மன்னர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கற்றுப் பழகித் தேறிய கை. அப்படித்தானே?"

"அப்படித்தான்! அப்படியேதான்!"

திருமேனி மன்னர் காலடியில் விழுந்தான். "பிரபு, செப்பேட்டின் அடியில் நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது. ஓர் எழுத்தும் அழிக்க வேண்டாம். பண்டிதர் திருவாய் மலர்ந்ததைக் கடைசி வரியாகச் சேர்த்தால் போதும். கற்றுத் தேறிய கை, தான் கற்ற வேலையை மட்டும், எந்தக் கண்ணிலும் செய்யலாம். முன்பு செய்ததற்கும் இதே சட்டம். இல்லையென்றால் ஸ்தபதியார் இருபத்தேழு விரலுக்கு எங்கே போவார்? மருதாயி எதைக் கற்றாள், எதைத் தொடமாட்டாள் என்பதை நேற்றே சபையில் சொல்லிவிட்டாள்."

தான் எதில் கால் வைத்தோம் என்பது அப்போதுதான் பண்டிதருக்கு உறைத்தது.

"ஆகட்டும்," என்றார் மன்னர். "அந்த வரியைப் பண்டிதரே தம் கையால் பொறிக்கட்டும். இனிக் கண்ணைத் தொட விரும்புகிறவர்கள் சபைக்கு முன் ஆட்டுக் கண்ணில் செய்து காட்டித் தேறட்டும். மருதாயி மேல் வழக்கில்லை. வழக்கே இல்லாதபோது அது யார் கண் என்ற கேள்வியும் இல்லை. ஸ்தபதியாரே, முகூர்த்தம் போகிறது!"

ஸ்தபதி உள்ளே போனார். நான்கு மூச்சு நேரம். திரை விலகியது. அம்மன் பார்த்தாள். "தாயே!" என்று ஆயிரம் குரல் எழுந்தது. மணிக்காரன், பாவம், அவனுக்குச் சொன்னது ஒரே வேலை. திரை விலகினால் கயிற்றை இழு. இழுத்தான்.

"ஐயோ, கோட்டை வாசலுக்குச் சொல்லவில்லையே!" மன்னர் துள்ளி எழுந்தார்.

மேலேயிருந்து, தொப்... தொப்... என்று தலையணையை அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணியின் நாக்கைச் சுற்றி எட்டு முழச் சிவப்புத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

"உன் தலைப்பாகை எங்கே என்று அப்போதிருந்தே பார்க்கிறேன்," என்றார் மன்னர்.

"என் தந்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, பிரபு. முதலில் அங்கே ஏறிவிட்டுத்தான் இங்கே ஓடி வந்தேன்."

மன்னர் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். பிறகு பல்லக்கிலிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி அவன் கையில் கொடுத்தார். "இது அவளுக்கு. குதிரையில் போ. அங்கே போய்ப் பிரி. இங்கே வேண்டாம்."

கோட்டை வாசலில் மருதாயி மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் வெட்டுமரத்தருகேதான் இருந்தாள். அரச முத்திரையைக் கண்டதும் வெட்டுகிறவன் கத்தியை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். திருமேனி அவளைக் கைத்தாங்கலாக நிழலுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்து, மூட்டையை அவிழ்த்தான். உள்ளே ஒரு பட்டுச்சேலை, முட்டை அளவில் ஒரு பளிங்குக் கல். இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, சுற்றி வந்த துணியை உதறினான்.

உதறிய கை நின்றது.

கறுப்புக் கம்பளி. நடுவில், நெருப்புப் பட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை.

பட்டறை. இரும்புத் தூள். வரிசையும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். காட்டுக்குப் போன பெரியப்பா. மன்னரின் ஒரு கண்ணில் மட்டும் வழிந்த நீர். திருமேனி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தான்.

"முகம் பார்க்கவில்லை என்று சபையில் சொன்னாயே, மருதாயி?"

அவள் கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டுக் கரி வளையத்தை அழித்துக்கொண்டே சொன்னாள்.

"முகத்தைப் பார்க்காமல் கண்ணை மட்டும் எப்படி ஐயா பார்க்கிறது?"