பந்தில் எழுதிய பேர்

மில் முதலாளி வரதராஜுலு கோல்ஃப் ஆட வந்தாலே மைதானம் பதறும். விறைத்து நின்று மட்டையை வீசுவார். பந்து தவளை மாதிரி நாலு தத்து தத்திப் படுத்துவிடும். உடனே புல்லைத் திட்டுவார், காற்றைத் திட்டுவார், கடைசியில் மட்டைப் பை தூக்கும் ராக்கம்மாவைத் திட்டுவார்.

அன்றைக்குப் போட்டி. இரண்டு பந்து வீணாகிவிட்டது. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இடுப்பை மடக்கிக் கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க முதலாளி," என்றாள் ராக்கம்மா.

"நான் எவனுக்கும் குனிஞ்சவன் இல்ல! குனியாமலே பந்து பறக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே!"

ராக்கம்மா பேனாவை எடுத்தாள். புதுப் பந்தில் பொடியாக எதையோ எழுதிக் கீழே வைத்தாள்.

"உங்க பேருங்க. சரியா இருக்குதான்னு பாருங்க."

கண்ணாடி போடுவது முதலாளிக்குக் கௌரவக் குறைச்சல். மட்டையைப் பிடித்தபடியே உற்றுப் பார்த்தார். முழங்கால் இளகியது, இடுப்பு மடிந்தது, முகம் பந்துக்கு நேரே வந்தது.

"ம்... சரியாத்தான் இருக்கு."

"அப்படியே அடிங்க!"

பந்து வேப்பமரத்தைத் தாண்டிப் பறந்தது.

"பாத்தீங்களா? எவனுக்கும் குனியாமலே அடிச்சேன்!" என்று மார்தட்டியபடி நடந்தார்.

கூட ஆடிய டாக்டர் முந்திப் போய், கிடந்த பந்தை உரக்கப் படித்தார்: "ராக்கம்மா."

மைதானமே அவளைப் பார்த்தது.

"முதலாளி சொன்னது நிஜந்தானுங்க," என்றாள் ராக்கம்மா. "எவனுக்கும் அவர் குனியலீங்க."