சொடக்குக்காரன் விட்ட கொட்டாவி

முன்னொரு காலத்திலே, காக்கை கறுப்பா வெள்ளையா என்று யாரும் நிமிர்ந்து பார்க்காத காலத்திலே, இலுப்பைக்கோட்டை என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு நெடுங்கண்ணன் என்று ஒரு ராசா.

நான் மெல்லத்தான் சொல்வேன். கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது தூக்கத்தைப் பற்றிய கதை, சத்தமாகச் சொன்னால் கெட்டுப்போகும்.

அந்த ராசாவிடம் யானை இருந்தது, சேனை இருந்தது, ஏழு சுற்று மதில் இருந்தது. தூக்கம் மட்டும் இல்லை. படுத்தால் வராது, சாய்ந்தால் வராது, உட்கார்ந்தால் அறவே வராது. வைத்தியர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.

அரண்மனையில் குடை பிடிக்க ஒருவன், விசிறி வீச ஒருவன், வெற்றிலை மடிக்க ஒருவன் என்று வேலைக்காரர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவன் தவசி. தவசியின் வேலை சொடக்குப் போடுவது.

நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே விரலைச் சொடுக்குவோம். வாய் திறந்த நேரம் பார்த்துக் காத்துக் கருப்பு உள்ளே போய்விடக் கூடாது அல்லவா? நாம் நமக்கு நாமே போட்டுக்கொள்வோம். ஒரு ராசா தனக்குத் தானே போட்டுக்கொண்டால் மரியாதை என்ன ஆவது? அதற்குத்தான் தவசி. ராசாவின் வாய் திறக்கும். டக், டக், டக். மூன்று சொடக்கு. வாய் மூடும்.

அந்த வேலைக்குச் சட்டம் உண்டு. ராசாவின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இன்னொன்று, சபையில் தன் வாயைத் திறக்கவே கூடாது. "விரட்டுகிறவன் வாய் திறந்திருந்தால், விரட்டினது அதற்குள்ளே போய்விடாதா?" என்று கேட்டார் மந்திரி திருவம்பலம். நியாயமான கேள்விதான்.

ஆகவே தவசி தனக்கு வந்த கொட்டாவியை எல்லாம் விழுங்கினான். காலையில் வந்ததை விழுங்கினான், மதியம் வந்ததை விழுங்கினான், சாயங்காலம் வந்ததையும் விழுங்கினான். இப்படி இருபத்திரண்டு வருடம்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் ஓர் ஓலை கொண்டுவந்தான். ஓலையில் விஷயம் ஒரு வரி. அதற்கு முன்னால் அவர்கள் ராசாவின் பட்டப் பெயர்கள் முப்பத்தெட்டு. தூதன் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து வாசித்தான். பதினேழாவது பட்டத்தில் தவசிக்கு ஒரு கொட்டாவி வந்தது. விழுங்கிப் பார்த்தான். உள்ளே இடமில்லை. வாய் பிளந்துகொண்டது, கண் தானாக மூடிக்கொண்டது.

அதைப் பார்த்த ராசாவுக்கும் கொட்டாவி வந்தது. போடுவதற்குச் சொடக்கு இல்லை. போட வேண்டியவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். ராசாவின் கொட்டாவி ஆரம்பித்து, நடுவுக்கு வந்து, கடைசிவரை போய் முடிந்தது. பதினெட்டாவது பட்டத்தில் ராசாவின் தலை சாய்ந்தது. பத்தொன்பதாவதில் ஒரு குறட்டை.

சபை அலறிவிட்டது. "ஐயோ, உள்ளே புகுந்துவிட்டது!" என்று முரசடித்து ராசாவை எழுப்பினார்கள். அப்போது தூதன் இருபத்தேழாவது பட்டத்தில் இருந்தான். ஒன்பது பட்டப் பெயர் நேரம் ராசா தூங்கியிருந்தார். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

"தவசி, நாளையிலிருந்து வராதே" என்றார் மந்திரி.

வேலை போனது. அந்த இடத்துக்கு மந்திரியின் மருமகன் வந்தான். மறுநாள் வரைகூடக் காத்திருக்கவில்லை, சாயங்காலமே வந்துவிட்டான்.

தவசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி காத்தாயி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போச்சு" என்றான்.

"விரலு?"

"இருக்கு."

"அப்ப அந்தக் குடத்தத் தூக்கு. கிணத்துக்குப் போவோம்."

முதல் நாள் தவசி கொட்டாவி விட்டான். ஒன்றல்ல, இரண்டல்ல, இருபத்திரண்டு வருடத்துக் கொட்டாவி. கோழி கூடையை விட்டு வெளியே வந்தபோது ஆரம்பித்தான், கூடைக்குத் திரும்பியபோதும் முடியவில்லை. இரண்டாம் நாள் தூங்கினான். செத்துவிட்டானோ என்று காத்தாயி மூன்று முறை மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, சுடச்சுடக் களி தின்றான், பேசினான். பேசிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தவன் நிறுத்திவிட்டான்.

"ஏ காத்தாயி, உன் முன்பல்லுல ஒரு சந்து இருக்கே!"

"பிறந்ததுல இருந்தே இருக்கு. ராசா பல்லு எத்தனை?"

"முப்பத்தொண்ணு. இடது கடைவாய்ப் பல்லுல ஒரு ஓட்டை."

"நல்லா இருக்குய்யா. ஊரான் வாயில ஓட்டை தெரியுது, பொண்டாட்டி வாயில சந்து தெரியல" என்று சொல்லி அவள் சிரித்தாள். தவசியும் சிரித்தான். சிரித்த சத்தத்தைக் கேட்டு அவனே திரும்பிப் பார்த்தான், யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு மாடத்தி கைக்குழந்தையோடு வந்தாள். மூன்று நாளாக ஓயாத அழுகையாம். தவசிக்கு அழுகையை நிறுத்தத் தெரியாது. கொட்டாவி மிச்சம் ஒன்று இருந்தது, அதை விட்டான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்த வாயையே பார்த்தது. பிறகு தன் சின்ன வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. மாடத்தியும் ஒரு கொட்டாவி விட்டு, தூணில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் வீட்டு அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அதற்கு யாரும் தவசியைக் குற்றம் சொல்லவில்லை.

பிறகு பல்வலிக்காரக் கிழவர் ஒருவர் வந்தார், தூங்கினார். கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி வந்தாள், தூங்கினாள். வண்ணான் தன் கழுதையை இழுத்துக்கொண்டு வந்தான். கழுதைக்கு மட்டும் இரண்டு கொட்டாவி தேவைப்பட்டது. வந்தவர்கள் கம்பு கொடுத்தார்கள், பூசணிக்காய் கொடுத்தார்கள், சும்மாவும் போனார்கள். வீட்டில் உலை கொதித்தது.

கழுதை தூங்கிய அன்று தவசிக்கு ஒன்று புரிந்தது. 'கொட்டாவி ஒட்டிக்கொள்கிறது. அதைக் கடைசிவரை போக விட்டால், பின்னாலேயே தூக்கம் வருகிறது.' ஒன்பது பட்டப் பெயர் நேரம் ராசா தூங்கியது அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று அவன் களி தின்னவில்லை.

அங்கே அரண்மனையில் மந்திரியின் மருமகன் பலமாகச் சொடக்குப் போட்டான். போதாதென்று வலப்பக்கம் ஒருவனையும் பின்பக்கம் ஒருவனையும் சேர்த்தார்கள். ராசாவுக்குக் கொட்டாவி எட்டிப் பார்த்தால் போதும், மூன்று பேரும் சோளம் பொரிகிற மாதிரி பொரித்துத் தள்ளினார்கள். ராசாவின் கண் கோவைப்பழம் ஆனது.

தூங்காத ராசா கட்டளை போட ஆரம்பித்தார். முதல் வாரம், ஊரில் ஒரு சேவலும் இருக்கக் கூடாது என்றார். ஊரே ஒரே நாளில் குழம்பு வைத்தது. இரண்டாம் வாரம், குளத்துத் தவளைகளை நாடு கடத்தச் சொன்னார். கூடையில் அள்ளிக்கொண்டு எல்லையில் விட்டார்கள், காவலர்கள் திரும்புவதற்குள் தவளைகள் திரும்பின. மூன்றாம் வாரம், "எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?" என்று கேட்டார்.

மந்திரி யோசிக்கவே இல்லை. "அன்றைக்குக் காவல் இல்லாத கொட்டாவி வழியாகப் புகுந்ததுதான் ராசாவின் தூக்கத்தைத் தின்கிறது. அதற்கு வழி விட்டது தவசியின் வாய். அந்த வாயைத் தைத்துவிட்டால் சரியாகிவிடும்."

"தையுங்கள்" என்றார் ராசா.

காவலர்கள் வந்து சொன்னதைக் கேட்டுக் காத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். "கஞ்சி குடிக்க ஓரமா ஒரு வழி விடுவாங்களா?"

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்லலை அக்கா" என்றான் ஒரு காவலன்.

அவள் அரண்மனை வாசல்வரை கூடவே நடந்தாள். அதற்கு மேல் விடவில்லை. அங்கே நின்று சொன்னாள்: "இந்தாய்யா, இருபத்திரண்டு வருசம் உன் வாயை இவங்கதான் வச்சிருந்தாங்க. எனக்குக் கிடைச்சு ஒரு மாசம்கூட ஆகல. தைக்காமத் திருப்பிக் கொண்டா. நான் இங்கேயேதான் இருப்பேன்."

சபை நடுவில் குதிரைச் சேணம் தைக்கிற மூக்கையா ஊசியோடு நின்றான். ஊசி அரைச் சாண் நீளம்.

"ராசா மன்னிக்கணும்" என்றான் மூக்கையா. "குதிரைத் தோலுன்னா எனக்குக் கணக்குத் தெரியும். வாய்க்கு எத்தனை தையல்?"

"சிரிக்க முடியாத அளவுக்கு" என்றார் மந்திரி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதைப் பறித்தாலும், பறிப்பதற்கு முன்னால் உடையவன் அதை ஒருமுறை உபயோகித்துக்கொள்ளலாம். "கடைசியாக அந்த வாயால் என்ன செய்ய வேண்டும்? தின்ன வேண்டுமா, பேச வேண்டுமா, அழ வேண்டுமா?" என்று கேட்டார் ராசா.

"ஒரு கொட்டாவி விடணும் ராசா" என்றான் தவசி. "அது முடியறவரைக்கும் சபையில யாரும் சொடக்குப் போடக் கூடாது. என் வாய்க்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு இருந்தாப் போதும்."

"போகிற வாய்தானே, விடட்டும்" என்றார் ராசா. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். சொடக்குக்காரர்கள் மூவரும் கட்டிக்கொண்டார்கள்.

தவசி வாயைத் திறந்தான். மாட்டுவண்டி மேடேறுகிற மாதிரி அந்தக் கொட்டாவி மெல்ல ஏறி, உச்சியில் நின்று இளைப்பாறி, மெல்ல இறங்கியது.

முதலில் மூக்கையாவுக்கு ஒட்டிக்கொண்டது. ஊசி கீழே விழுந்தது. பிறகு மந்திரிக்கு. பிறகு மூன்று சொடக்குக்காரர்களுக்கும் வாய் பிளந்து கண் மூடியது. கடைசியில் ராசாவுக்கு வந்தது. ஆரம்பித்து, நடுவுக்கு வந்து, கடைசிவரை போய் முடிந்தது. ஒரு சொடக்கு இல்லை. ராசாவின் தலை சாய்ந்தது.

காவலர்கள் ஈட்டியைப் பிடித்தபடியே சரிந்தார்கள். தூணுக்கு ஒருவராக, படிக்கு ஒருவராக, சபையே தூங்கியது. எழுப்பலாம் என்றால் முரசடிப்பவன் முரசின் மேல் தலை வைத்திருந்தான்.

வாசல் திறந்து கிடந்தது. தவசி போயிருக்கலாம். போனால் நாளைக்கு இதே ஊசி வீட்டுக்கு வரும். அவன் ஊசியை எடுத்து, யார் காலிலும் குத்தாதபடி தூணில் செருகிவிட்டு, அங்கேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் தூங்கிப்போனான். தான் விட்ட கொட்டாவி தன்னை மட்டும் விட்டுவிடுமா?

மறுநாள் காலை சேவல் கூவவில்லை. சேவல் எங்கே இருக்கிறது? ராசா தானாகவே விழித்தார். கண் வெளுத்திருந்தது. "பசிக்கிறது" என்றார். இருபத்திரண்டு வருடமாக அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

சபையிலும் ஒவ்வொருவராக விழித்தார்கள். பிறகு ராசா தவசியைப் பார்த்தார். "உன் வேலையை உனக்கே திருப்பித் தருகிறேன். தலைமைச் சொடக்குக்காரன். கைக்குத் தங்கக் காப்பு. உனக்குக் கீழே மூன்று பேர்."

தவசி எழுந்து நின்றான். சும்மா தலையாட்டினால் காப்பு. உண்மையைச் சொன்னால் தூணில் ஊசி இருக்கிறது. அவன் ஊசியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"வேண்டாம் ராசா. உங்க வாய்ல பேய் எதுவும் புக வரலை. வந்தது தூக்கம். அதைத்தான் நான் இருபத்திரண்டு வருசமா விரட்டிக்கிட்டு இருந்தேன்."

"நீயா?"

"நான்தான் ராசா. சம்பளம் வாங்கிக்கிட்டு."

ராசா அவனையே பார்த்தார். ராசாவின் உதடு துடித்தது. பிறகு கடைவாய் ஓட்டைப் பல் தெரிய வாயைத் திறந்து சிரித்தார். வாய் திறந்ததுதான் தாமதம், மூன்று சொடக்குக்காரர்களும் பழக்கதோஷத்தில் டக், டக், டக் என்று போட்டார்கள்.

"நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார் ராசா. "மந்திரி, அந்த ஊசியை நீரே எடுத்துக்கொண்டு போய்ச் சேணத்தைத் தையும். மூக்கையா சொல்லிக்கொடுப்பான்." அதோடு ராசா சாப்பிடப் போனார். மூக்கையாவின் பின்னால் மந்திரி ஊசியைப் பிடித்துக்கொண்டு போனார்.

மந்திரியின் மருமகன் மூக்கைச் சிந்தினான். "வேலை போச்சே அண்ணே, இனிமே என்ன செய்யறது?"

"முதல் நாள் கொட்டாவி விடு தம்பி" என்றான் தவசி. "ரெண்டாம் நாள் தூங்கு. மூணாம் நாள் வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு பாரு."

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சபை கலைந்து, தவசி மட்டும் மிஞ்சினான். அவனும் கிளம்பினான்.

வாசலில் காத்தாயி தூணைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள். அவன் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு முன்பல் சந்து தெரியச் சிரித்து, "நடய்யா" என்றாள்.

இந்தக் கதையின் நீதி இதுதான்: வேலை போனவன் அந்த வேலை தந்ததை மட்டும் நினைத்து அழாமல், அது தன்னிடமிருந்து எதையெல்லாம் வாங்கி வைத்திருந்தது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தவசிக்கு ஒரு கொட்டாவி வந்தது. பழக்கத்தில் கை தானாக எழுந்தது. அந்தக் கையைக் காத்தாயியின் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டாவியைக் கடைசிவரை விட்டபடியே அவன் நடந்து போனான்.