மூன்றாவது இலை

"வாத்தியாரே, கடைசிக் காட்சியில மகன் இனிமே வந்துறட்டும். இல்லைன்னா என்னை விட்டுருங்க" என்றாள் வடிவு.

சோலைமுத்து நாடகம் சொல்லிக்கொடுப்பவர். அவளைவிடப் பத்து வயது இளையவர். அவள் அவரை வாத்தியாரே என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

"என்னக்கா ஆச்சு?"

"பத்தொன்பது வருசமா அந்தத் தாயா நிக்கேன். கப்பலேறிப் போன மகனுக்குச் சோத்தை மூடி வச்சிட்டு வாசலைப் பாக்கணும். அவன் வரமாட்டான். திரை விழும். சனம் அழும். இப்ப அதையே சினிமாவா எடுத்துட்டாங்களே!"

"அதுல வந்துட்டானா?"

"ஹெலிகாப்டர்ல வந்து குதிக்கான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு! நேத்து நான் அழுதா, 'அழாத ஆத்தா, ஹெலிகாப்டர் வருது'ன்னு ஒருத்தன் கத்துதான். கூட்டமே சிரிக்குது."

வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாசலைப் பாக்கும்போது என்னக்கா நினைப்பீங்க?"

"நினைக்க என்ன இருக்கு? அவன் வரமாட்டான்னு எனக்குத்தான் தெரியுமே."

"சரி, சாப்பிடுவோம்."

வாத்தியார் தன் வீட்டுக் கூடத்தில் மூன்று இலை போட்டார். மூன்றிலும் சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், அப்பளம் வைத்தார். உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"யாரு வரணும் வாத்தியாரே?"

அவர் மூன்றாவது இலைக்கும் தண்ணீர் வைத்தார்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. வடிவு எட்டிப் பார்த்தாள். அது போய்விட்டது.

செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்தே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்கு.

சோறு ஆறிப்போனது. அப்பளம் நமத்துப்போனது. நல்ல பசி. ஆனாலும் அவளுக்குக் கை போகவில்லை. மூன்றாவது இலையில் உட்கார வந்த ஈயை ஓட்டினாள். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"நான் யாரையும் கூப்பிடலைக்கா" என்றார் வாத்தியார். "சாப்பிடுங்க."

வடிவு சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இன்னொரு தடவை வாசலைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கோயில் கொடைத் திருவிழாவில் அதே நாடகம். கடைசிக் காட்சி. வடிவு சோற்றை மூடி வைத்தாள். வாசலைப் பார்த்தாள்.

"ஹெலிகாப்டர் கெளம்பிருச்சு ஆத்தா!"

கூட்டம் சிரித்தது.

வடிவு அழவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் ஓரெட்டு வைத்தாள்.

"நெசமாவாய்யா?" என்று கேட்டாள்.